வெறும் இலைத் தட்டுகள்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா சுகம், உன் அத்தான் சுகம், உன் புழுக்கள் அமோகமாக இருக்கின்றன. எனக்குத்தான் சுகமில்லை, அதை யாரும் கேட்பதாகவும் இல்லை. செடி சேகரிக்கப் போகிற மலை முகாமில் ஃபோன் எடுக்காது, வாரம் இரண்டு முறை சாமான் வண்டியில்தான் கடிதம் வரும் என்று நீ சொன்னபோது உன் முகத்தில் ஏன் அத்தனை நிம்மதி என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

“இரண்டே அடுக்கு, பன்னிரண்டு தட்டு, ஒரு மூலையில் கிடக்கும், இருப்பதே தெரியாது” என்று சொல்லித்தானே மாடியறையில் கொண்டுவந்து இறக்கினாய்? உன் ஆய்வுக்கூடத்துக் கூரை ஒழுகினால் அதற்கு என் வீடுதானா கிடைத்தது? தட்டுக்கு ஐம்பது, மொத்தம் அறுநூறு பட்டுப்புழு. வாசலில் ஒரு தையல் கடை நடத்துகிறவளுக்கு இது தேவையா? நேற்று ஒரு அம்மாள் தைத்த சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கஷாய வாடை அடிக்கிறதே என்று கேட்டார். நான் என்ன சொல்ல? மாடியில் அறுநூறு பேருக்குக் காய்ச்சல் என்றா?

செய்முறையைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். எனக்கே பரீட்சை வைக்கிறாய். சரி, எழுதுகிறேன், திருத்திக்கொள். இடது அடுக்கில் ஆறு தட்டு, அவை மருந்து இலைத் தட்டுகள். நீ அந்தச் செடியிலிருந்து இறக்கிய கஷாயத்தை நீலத் தொட்டியில் கலந்து, மல்பெரி இலையை அதில் நனைத்து, நிழலில் பத்து நிமிடம் உலர்த்திப் போட வேண்டும். வலது அடுக்கில் ஆறு தட்டு, அவை வெறும் இலைத் தட்டுகள். வெள்ளைத் தொட்டியில் இருக்கும் பச்சைத் தண்ணீரில் இலையை நனைத்து அதே மாதிரி உலர்த்திப் போட வேண்டும். மூன்றாவது தோலுரித்ததும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் அந்த வைரஸ் தண்ணீரை இலையில் தடவிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வலது பக்கத்துப் புழுக்களுக்குப் பால் நோய் வரும். உடம்பு பளபளவென்று வீங்கி, தட்டின் விளிம்பில் அலைந்து, தோல் கிழிந்து பால் மாதிரி வடிந்து செத்துப்போகும். ஏழாம் நாள், எட்டாம் நாளுக்குள் பாதிக்குமேல் போய்விடும். இடது பக்கம் பிழைத்து நிற்கும். அப்படி நின்றால்தான் உன் கஷாயத்துக்கு மதிப்பு, உனக்குப் பட்டம். சரிதானே? மதிப்பெண் போட்டுக்கொள்.

வைரஸ் தடவி ஒன்பது நாள் ஆகிறது. வலது பக்கம் சாகவில்லை. மூன்று, நான்கு என்று உதிர்ந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு கேட்கிறது, இலை எங்கே என்று. நான் என்ன செய்யட்டும்? சாகச் சொல்லித் திட்டவா முடியும்?

இன்னொன்று. உன் கஷாயக் கணக்கு தப்பு. பாட்டில் இருபது நாளுக்கு வரும் என்றாய், இப்போதே அடி தெரிகிறது. சாமான் வண்டியில் இன்னொரு பாட்டில் கொடுத்தனுப்பு. இவ்வளவு படித்தவனுக்கு ஒரு அளவு தெரியாதா?

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலை ஆறு மணித் தீனியும் மாலை ஆறு மணித் தீனியும் நான் பார்க்கிறேன். மத்தியானம் கடையை விட்டு நகர முடியாது என்பதால் அது அப்பா பொறுப்பு. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர் அல்லவா, பன்னிரண்டு அடித்தால் மாடிப்படியில் இருக்கிறார். முதலில் முகம் சுளித்தார், இப்போது என்னைவிட அக்கறை. வைரஸ் தடவிய அன்று என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் தட்டு சாகும் என்று உனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உடனே வலது அடுக்குப் பக்கம் போய் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அட்டைப்பூச்சி கடித்தால் பிய்த்து எடுக்காதே. இது உன் மூன்றாவது முயற்சி. முதல் தடவை எறும்பு, இரண்டாம் தடவை வெயில். இந்தத் தடவை பழி என் தலையில் விழாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வாய் வலிக்கத் திட்ட ஆள் இல்லாமல் தவிக்கும்
உன் அக்கா


வெள்ளிக்கிழமை

தம்பிக்கு,

அன்புள்ள என்று போடவில்லை, கவனித்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று அரை வரி, மீதி முழுவதும் குற்றப்பத்திரிகை. “அவசரத்தில் தொட்டியை மாற்றியிருப்பாய்”, “கடைக்கு ஆள் வந்ததும் பாதியில் ஓடியிருப்பாய்”, “இலையைக் கலந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.” அடேயப்பா! என்ன நினைப்பு!

இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறேன். கத்தரிக்கோலை வைத்த பிறகு அளவு தப்பினால் துணி திரும்பி வராது. அந்தக் கையால்தான் உன் இலையையும் நனைக்கிறேன். நீலத்தில் நனைத்த இலைக்கு ஒரு தட்டம், வெள்ளையில் நனைத்த இலைக்கு ஒரு தட்டம், நடுவில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். சோப்புக்கே உன்னிடம் காசு வாங்க வேண்டும். நான் கலந்தேனாம்!

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த மாதக் கடைசியோடு உன் ஆராய்ச்சிக் காலம் முடிகிறது, அதற்குள் கணக்கு கொடுக்காவிட்டால் ஆறு வருட உழைப்பும் போயிற்று என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. வலது பக்கம் முந்நூறில் இருபத்துமூன்றுதான் செத்தது. இடது பக்கம் முந்நூறில் பதினேழு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மருந்து வேலை செய்ததா, வைரஸ் செத்துப்போயிருந்ததா, யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். புரிகிறது. எனக்கும் அந்த அளவு மூளை இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பாட்டில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று உனக்குத் தோன்றவில்லையா? நீ அளந்தது சரி என்கிறாய். நான் ஊற்றுவதும் நீ சொன்ன அளவுதான். புழு பாட்டிலைத் திறந்து குடிக்காது. நேற்று மாலை தீனி முடிந்ததும் பாட்டிலில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தேன். இன்று காலை கோட்டிலேயே இருந்தது, அப்படியென்றால் பகலில்தான் குறைகிறது. இப்போது மணி பன்னிரண்டே கால். கடையை அத்தானிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். மீதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார், இதை இப்படியே கொடுத்தனுப்புகிறேன்.

என்னைச் சந்தேகப்பட்டதற்கு அடுத்த கடிதத்தில் ஒழுங்காக மன்னிப்பு வர வேண்டும்.

உன் அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருந்தால் எழுந்து வெளியே போய் உட்கார்.

நான் மாடிக்குப் போனபோது அப்பா முழங்கை வரை கஷாயமாக நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொட்டி காய்ந்து கிடந்தது. வலது அடுக்குக்கான இலையை ஒவ்வொன்றாக நீலத் தொட்டியில் முக்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். வைரஸ் தடவிய நாளிலிருந்தே மத்தியானத் தீனி முழுவதும் அப்படித்தான் போயிருக்கிறது. பன்னிரண்டு தட்டுக்கும் மருந்து இலை.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அப்பாவை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும். அன்று பேசினேன். ஒரு வேலை, ஒரே ஒரு வேலைதானே கொடுத்தோம் என்றேன். உங்களால்தான் அவன் படிப்பு பாழாய்ப்போனது என்றேன். நான் பழி சுமக்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்களே என்றும் கேட்டுவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்தார். வலது அடுக்கைக் கையால் காட்டினார். அப்புறம் சொன்னார்: “தான் எந்தப் பக்கம் இருக்கோம்னு அதுங்களுக்குத் தெரியாதேம்மா. மருந்துன்னு நெனைச்சுத்தானே தின்னுது.”

புழுவுக்கு என்ன தெரியும், மருந்து என்றும் தெரியாது, மண்ணாங்கட்டி என்றும் தெரியாது என்று நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அம்மா போன அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை. மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நீ வந்து அவர்மேல் பாய்வாய், பாய்ந்ததை நினைத்துக் காலம் முழுவதும் அழுவாய். அதனால் எழுதுகிறேன்.

அம்மா அந்த ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனையில் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். பதினொரு மாதம் வியாழக்கிழமை தவறாமல் அப்பாதான் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வந்தார். இந்த மாத்திரை போட்டால் நடை கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்று அம்மா சொல்வாள். நான் சோறு போட்டால்கூட நேரம் பார்க்க மாட்டாள், மாத்திரைக்கு மட்டும் கடிகாரம் பார்ப்பாள்.

அம்மா போய் ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அம்மா பெயருக்கே வந்திருக்கிறது. சோதனை முடிந்துவிட்டது, மருந்து நன்றாக வேலை செய்கிறது, தாங்கள் இதுவரை மருந்தில்லாத வெறும் மாத்திரைப் பிரிவில் இருந்தீர்கள், இனி உண்மையான மருந்தைப் பெற்றுக்கொள்ளலாம், வரும் வியாழக்கிழமை வரவும் என்று.

அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். ஒன்பது வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது. ஒரு மனுஷன் இப்படியா எல்லாவற்றையும் தனியாக விழுங்கிக்கொண்டு இருப்பார்? நான் என்ன செத்தா போயிருந்தேன்? ஏன் சொல்லவில்லை என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

உனக்காகத்தான் சொல்லவில்லையாம்.

அந்தச் சோதனையில் சேரும் படிவத்தை உட்கார்ந்து படித்துச் சொன்னது நீ. அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்கு அரை மனசு. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, சும்மா இருப்பதற்கு இது எவ்வளவோ மேல், கையெழுத்துப் போடு அம்மா என்று பேனாவை எடுத்துக் கொடுத்தது நீ. பத்தொன்பது வயது உனக்கு. வீட்டில் விஞ்ஞானம் படித்தவன் நீ ஒருவன்தான். நீ சொன்னதால் போட்டாள்.

அந்த மருந்து அம்மாவுக்கு வேலை செய்யவில்லை என்று நீ ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அதனால்தான் மருந்து ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று மேடையில்கூடப் பேசினாய். நானும் அப்பாவும் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினோம். அப்பாவும் தட்டினார். மருந்து வேலை செய்யவில்லை என்று இருந்தால் குற்றம் மருந்துமேல் போகும், பையன்மேல் வராது என்று நினைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டால் நீ உன்னையே தின்றுகொள்வாய் என்று அவருக்குப் பயம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ தப்புச் செய்யவில்லை. பாதிக்குப் பாதி என்றாய், அது உண்மை. மற்ற பாதி நமக்கு விழுந்தது, அவ்வளவுதான். இதை ஒரு தடவைதான் எழுதுவேன். அழுவதானால் அழுது முடி. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த பத்தியைப் படி, ஏனென்றால் உன் வேலை இன்னும் முடியவில்லை.

திங்கட்கிழமை உன் பேராசிரியை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, உன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் மருந்து இலை போய்விட்டது, இந்தக் கணக்கு எதற்கும் உதவாது என்று சொன்னேன். எப்படி நடந்தது என்று கேட்டார். நான்தான் கலந்துவிட்டேன் என்றேன். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். தையல்காரி, கவனம் போதாது என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். அப்பா பெயரை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்கக் கூடாது.

பட்டுப்புழு முட்டை ஒட்டிய புது அட்டை தருகிறேன் என்றார். மறுபடி தொடங்கினால் உன் கடைசி நாளைத் தாண்டி இரண்டு வாரம்போல ஆகும். குழுவில் பேசிப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அப்போது அவர் ஒன்று சொன்னார். வலது அடுக்கை யாரும் மதிப்பதில்லை, செத்தது எத்தனை என்று எண்ணிவிட்டுக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள், ஆனால் மருந்து மருந்துதான் என்று சாட்சி சொல்வது அந்த அடுக்குதான் என்றார். அங்கேயே முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன்.  மறுநாள் மருந்துக்கடைக்குப் போய், அந்த மாத்திரை இப்போது கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். கிடைக்கிறதாம். நிறையப் பேர் வாங்குகிறார்களாம்.

நேற்று முட்டை அட்டை வந்தது. இந்தத் தடவை மாடிப் பக்கமே வரக் கூடாது என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். வலது அடுக்கைத் தானே பார்த்துக்கொள்கிறாராம். மூன்று வேளையும். நான் முடியவே முடியாது என்றேன். உங்களால் தாங்க முடியாது, மறுபடி நீலத் தொட்டிக்குத்தான் கை போகும், என் உயிரை வாங்காதீர்கள் என்றேன். நீலத் தொட்டியைத் தொடவே மாட்டேன் என்றார். அப்படியென்றால் அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“மருந்துதான் கெடையாது. பக்கத்துல ஆளாவது இருக்கட்டும்” என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ கொடுத்தனுப்பிய புதுப் பாட்டிலைக் கடைக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாசம் வேறு, வேலை வேறு. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுப் புழு மூன்றாவது தோல் உரிக்கும், அன்று வைரஸ் தடவுவேன். அதிலிருந்து ஏழாம் நாள், எட்டாம் நாள் வலது பக்கம் விழ ஆரம்பிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நாளை எண்ணிக்கொள். எந்தச் செடி, எந்த இலை என்று சாக்கு சொல்லாமல் அதற்குள் மலையிலிருந்து இறங்கி வந்து சேர். அப்பாவிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்டுவைக்காதே, கேட்டால் இத்தனை வருடம் அவர் பொறுத்தது வீணாகிவிடும். எனக்கு வர வேண்டிய மன்னிப்பையும் நீயே வைத்துக்கொள். ஒன்றும் பேச வேண்டாம். இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார். அந்த இரண்டு நாளும் அவரை அங்கே தனியாக விடாதேடா.

நன்றாக இரு. சாப்பாட்டைத் தள்ளாதே. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் வேண்டும்
அக்கா